மூவாயிரமும் நான்கு லட்சமும்

1918 டிசம்பர் நடுவில் கடையத்து மாப்பிள்ளை ஒருவர் மனைவியின் பிறந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். பத்து வருஷம் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் நிழலில் இருந்துவிட்டு, நவம்பரில் எல்லை தாண்டியவரைக் கடலூரில் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். மூன்று வாரத்துக்குச் சற்று மேல் சிறை. அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர், சுதேசமித்திரன் ரங்கசாமி ஐயங்கார் என்று பெரிய மனிதர்கள் தலையிட்டு வெளியே எடுத்தார்கள். ஆனால் சும்மா விடவில்லை. திருநெல்வேலிச் சீமையில் அடங்கி இருக்க வேண்டும். எதை எழுதினாலும் அச்சுக்குக் கொடுக்குமுன் போலீசிடம் காட்ட வேண்டும்.

மாப்பிள்ளை சுப்பிரமணிய பாரதி. கடையம், செல்லம்மாவின் ஊர்.

அந்த நிபந்தனையை எழுதிய அதிகாரியை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பரிதாபமாகவே இருக்கிறது. பாரதியின் கையெழுத்துப் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு சிவப்பு மையால் அவர் எதை அடிப்பார்? அந்நியன் வெளியேற வேண்டும், நாடு நம்முடையது, வரி அதிகம், நெசவு செத்தது: இதெல்லாம் காங்கிரஸ் பந்தல்களில் இங்கிலீஷில் ஏற்கெனவே பேசித் தீர்த்த விஷயங்கள். தாதாபாய் நௌரோஜி புள்ளிவிவரத்தோடு புத்தகமே போட்டிருந்தார். அதற்கெல்லாம் சர்க்கார் அவ்வளவாக அசையவில்லை. அதே சங்கதி தமிழில், தாளத்தோடு, நாலு பேர் கூடிய இடத்தில் பாட்டாக வந்தபோதுதான் ரகசியக் குறிப்புகள் கோட்டைக்குப் போயின. போலீஸ்காரர் சொல்லை அடிக்கலாம். மெட்டை எப்படி அடிப்பது?

பாரதியின் அரசியல் பாட்டுகளில் இன்று யாரும் அதிகம் பாடாத ஒரு கொத்து உண்டு. 1907, 1908 வாக்கில் எழுதியவை. அவற்றின் தலைப்புக்குக் கீழே, நந்தனார் சரித்திரத்தின் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று அவரே குறிப்புப் போட்டிருக்கிறார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் கீர்த்தனை அப்போது கதாகாலட்சேபமாக ஊர் ஊராகப் பரவியிருந்த சரக்கு. பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பிராமண ஆண்டையை உண்டாக்கி, சிதம்பரம் போக வேண்டும் என்று கெஞ்சும் நந்தனை அவர் வாயால் ஏச வைத்தவர் கோபாலகிருஷ்ணர். ஈனத் தொழில் செய்கிற உனக்குத் திருநாள் ஒரு கேடா என்று ஆண்டை ஏசும் இடத்தில் கதை கேட்ட கூட்டம் கண் கலங்கும்.

நம் பாரதி அந்த மெட்டை அப்படியே எடுத்தார். ஆண்டை நின்ற இடத்தில் வெள்ளைக்கார உத்தியோகஸ்தனை நிறுத்தினார். நந்தன் நின்ற இடத்தில் சுயராஜ்யம் கேட்கும் இந்தியனை நிறுத்தினார். துரை ஏசுகிறான்; அடிமைக்குச் சுதந்திரம் ஒரு கேடா என்கிறான். மற்றொரு பாட்டில் மிதவாதிகள், நந்தனின் சொந்த சாதிக்காரர்களைப் போல, புதிய கட்சித் தலைவரைப் பார்த்து இதெல்லாம் நமக்கு அடுக்குமா என்று பயந்து புலம்புகிறார்கள். இன்னொன்றில், ஆண்டைக்கு அடிமை இல்லை என்று நந்தன் சொன்ன அதே மெட்டில், பாரத தேவிக்கு மட்டுமே அடிமை என்கிறான் ஒருவன்.

இதில் நடக்கும் வேலையைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அந்தக் காலட்சேபங்களைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அக்கிரகாரத்தார், வேளாளப் பண்ணையார், கச்சேரி குமாஸ்தா, வக்கீல். அவர்கள் நந்தனுக்காக அழுதது பாதுகாப்பான அழுகை. கதை முடிந்து வீட்டுக்குப் போனால் அவர்கள்தான் ஆண்டை. பாரதியின் பாட்டோ, மெட்டு காதில் விழுந்த மாத்திரத்தில் அவர்களைத் தூக்கி வரப்புக்கு அந்தப் பக்கம் வைத்துவிடுகிறது. ஏச்சு இப்போது அவர்கள் மேல் விழுகிறது. பழைய கண்ணீர் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. திசை மட்டும் மாறுகிறது. வாதம் என்று ஒன்றும் செய்யவில்லை, ஆதாரம் காட்டவில்லை. கேட்பவன் பலமுறை சம்மதித்துவிட்ட ஒரு நியாயத்தை, அவன் கவனிக்குமுன் வேறொரு வழக்கில் தீர்ப்பாக எழுதிக்கொள்கிறார். இதற்கு ஈடான சாமர்த்தியத்தை அந்தக் காலத்துத் தமிழ் மேடைப் பேச்சு எதிலும் நான் பார்த்ததில்லை.

ஆனால் இந்த இடமாற்றத்தில் ஒருவர் மட்டும் காணாமல் போகிறார். துரை ஆண்டையானான், குமாஸ்தா நந்தனானான். நிஜ நந்தன்? தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டிருந்த பண்ணையாள் அந்தப் பாட்டில் இல்லை. அவனுடைய இழிவு உவமையாகப் பயன்பட்டது, அவன் பயன்படவில்லை. சாதியை எதிர்த்து வேறிடங்களில் பாரதி உரக்கப் பேசியவர், நடந்தும் காட்டியவர், அதற்காகக் கடையம் அக்கிரகாரத்தில் பேச்சும் வாங்கியவர். அதனால் அவரைக் குற்றக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. பிரச்சார உருவகம் தன் காரியத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வரப்பிலேயே விட்டுவிட்டுப் போகும். நல்ல மனிதர் கையிலும் அது அப்படித்தான் நடந்துகொள்கிறது.

கேட்டுப் பழகிய வடிவத்துக்குள் புதுச் சரக்கை வைத்துக் கொடுப்பது நம் பக்கத்தில் புதிதும் இல்லை. சோழர் கல்வெட்டுகளில் மெய்க்கீர்த்தி அந்த வேலையைத்தான் செய்தது. நில தானப் பத்திரம் படிக்கப் போனவன் ராஜாவின் வெற்றிப் பட்டியலைத் தாண்டித்தான் போக வேண்டும். கடையத்திலிருந்து தென்காசி வழியாக ஒரு மணி நேரத்தில் எட்டிவிடும் குற்றாலத்துக்கே போவோம். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சி 18ஆம் நூற்றாண்டுச் சொத்து. அதில் குறத்தி சிங்கி குறி சொல்ல வருகிற முறையைப் பாருங்கள். எடுத்த எடுப்பில் கையைப் பார்ப்பதில்லை. முதலில் மலையின் வளம். பிறகு தான் போய்வந்த ஊர்கள். பிறகு முன்னே யார் யாருக்குக் குறி சொல்லி என்னென்ன பரிசு வாங்கினாள் என்ற கணக்கு. நாயகி வசந்தவல்லி கையை நீட்டும்போது பாதி நம்பியாகிவிட்டது. இன்று துணிக்கடை விளம்பரத்தில் நடிகை வந்து சொல்வதை அவள் அருவிக்கரையில் நின்று தானே சொல்லிவிட்டாள்.

அந்தக் குறத்தியைப் பாளையங்கோட்டை வரை அழைத்துப் போய் ஞானஸ்நானம் கொடுத்தவர் வேதநாயக சாஸ்திரியார். நெல்லைச் சீமையில் பிறந்து தஞ்சாவூரில் பேர் பெற்றவர். அவருடைய பெத்லகேம் குறவஞ்சியில் குற்றாலத்துத் திரிகூடநாதருக்குப் பதில் கிறிஸ்து. வசந்தவல்லிக்குப் பதில் தேவமோகினி. சிங்கியின் கணவன் சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடிப்பதும் ஆத்துமாக்களைப் பிடிப்பதாக மாறிவிட்டது. சீகன்பால்கு காலத்திலிருந்து மிஷனரிகள் உரைநடையில் அச்சடித்துக் கொடுத்த துண்டுப் பிரசுரங்களைவிட இது சபைகளில் ஆழமாக ஊன்றியது. காரணம் தத்துவத்தில் இல்லை. சிந்து எங்கே ஏறி எங்கே இறங்கும் என்று கேட்பவன் காலுக்குத் தெரியும்.

பாரத மாதாவுக்குப் பாரதியும் இதே வழியில் திருப்பள்ளியெழுச்சி பாடினார், தசாங்கம் பாடினார், நவரத்தினமாலை சூட்டினார். மார்கழி விடியலில் கோயில் வாசலில் நின்று பழகியவனுக்கு இனிமேல் தேசம் என்பது பூகோளப் புத்தகத்துப் படம் ஆகாது; கதவு திறக்கக் காத்திருக்கும் தெய்வம். பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் தன் உத்தியை அவர் மறைக்கவும் இல்லை: எளிய பதம், எளிய நடை, பொதுஜனம் விரும்பும் மெட்டு, இவற்றால் காவியம் செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகையிலும் இதே புத்திதான். கேலிச்சித்திரத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே அதற்கு விளக்கமும் எழுதினார். படிக்கத் தெரியாதவன் படத்தைப் பார்ப்பான். தெரிந்தவன் அவனுக்கு விளக்கத்தை வாசித்துக் காட்டுவான். ஒரு பிரதிக்கு ஒரு கூட்டம். பத்திரிகைக்கு ஆசிரியர் என்று சட்டப்படி பெயர் கொடுத்திருந்த சீனிவாசன் 1908இல் ஐந்து வருஷம் உள்ளே போனார். எழுதியவர் புதுச்சேரிக்குப் போனார். உருவகம் செய்தவனுக்கும் தண்டனை பெற்றவனுக்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தை நம் பாரதி ஆய்வுகள் வேகமாகத் தாண்டிவிடுகின்றன.

தேசம் தாய் என்ற அதே உருவகம் இன்னொரு கையில் எப்படி ஆயிற்று என்பதற்கும் இந்தப் பக்கமே சாட்சி. கடையத்து ஸ்டேஷனைத் தாண்டிப் போகும் ரயில் தென்காசி கடந்து செங்கோட்டைக்குப் போகிறது. அந்தச் செங்கோட்டையின் வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். சட்டையில் ஒரு கடிதம். அதைப் படிக்கும் நாம் எல்லோரும் அந்த 25 வயதுக்காரரின் துணிவில்தான் நின்றுவிடுகிறோம், நியாயம்தான். வாக்கியத்தில் நின்றவர்கள் குறைவு.

சிறிய கடிதம். ஆனால் எத்தனை பழைய உத்திகள். ராமன், கிருஷ்ணன், அர்ஜுனன் பெயர்களோடு சிவாஜியும் குரு கோவிந்தரும் ஒரே மூச்சில் வருகிறார்கள். புராணமும் சரித்திரமும் ஒரே வரிசையில் நின்றால் படிப்பவன் இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிடுவான். ஐந்தாம் ஜார்ஜைக் குறிக்கும் இடத்தில் வரியோ சட்டமோ பேசப்படவில்லை. அவன் மாட்டிறைச்சி தின்பவன், மிலேச்சன் என்பதே குற்றப்பத்திரிகை. அடிமைத்தனத்தை எதிர்க்கும் வாதம் அங்கே தீட்டு பற்றிய வாதமாகச் சுருங்கிவிட்டது. அந்த ஒரு சொல்லில் பாரத தேசத்துப் பிரஜைகள் எத்தனை கோடிப் பேர் வெளியே தள்ளப்பட்டார்கள் என்பதை எழுதியவர் யோசித்திருக்க மாட்டார். அடுத்தது எண்: ஜார்ஜ் கால் வைத்தால் கொல்ல 3,000 சென்னை மாகாணத்தார் சபதம் செய்திருக்கிறார்களாம். கடைசியில் அவையடக்கம். அந்த மூவாயிரம் பேரிலும் தானே தாழ்ந்தவன் என்று தேவாரத்து அடியார் தொனியில் முடிக்கிறார்.

திருநெல்வேலிச் சதி வழக்கில் சர்க்கார் எவ்வளவு தேடியும் கூண்டில் நிறுத்த முடிந்தது 14 பேரை. தண்டிக்கப்பட்டவர்கள் 9. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருஷம். மூவாயிரம் என்பது பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது எண்ணிக்கை இல்லை, உயர்வு நவிற்சி. பரணியில் விழும் யானைகளை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சிக்கல் என்னவென்றால் கடிதம் அதைப் பரணி மாதிரி சொல்லவில்லை, தகவல் மாதிரி சொல்கிறது.

அந்த வழக்கில் அப்ரூவர்கள் விவரித்த உறுதிமொழிச் சடங்கும் உண்டு. காளி படம், விபூதி, பூ. குங்குமம் கரைத்த நீரை வெள்ளையன் ரத்தம் என்று சொல்லிக் குடிக்க வேண்டும். கட்டைவிரலைக் கீறிக் காகிதத்தில் பதிக்க வேண்டும். பாட்டில் குங்குமம் தாயின் நெற்றியில் இருந்தது. கேட்டவன் பாடலாம், பாடாமல் எழுந்து போகலாம், ரசித்துவிட்டு உத்தியோகத்துக்கும் போகலாம். பலர் அப்படித்தான் போனார்கள். 1907இல் பாரதியின் பாட்டுகள் சிலவற்றை அச்சிட்டு 15,000 பிரதி இனாமாக வழங்கியவர் வி. கிருஷ்ணசாமி ஐயர், பாரதி பத்திரிகையில் விடாமல் கிண்டல் செய்த மிதவாதக் கட்சியின் தூண். எதிர்க்கட்சிக்காரன் காசு போட்டு அச்சடிக்கிற அளவுக்குப் பாட்டில் இடம் இருந்தது. குங்கும நீரைக் குடித்தவனுக்கு அந்த இடம் கிடையாது. உருவகம் உவமேயத்தை விழுங்கிவிட்டது. இனி அவன் குடித்தது நிஜமாகவே ரத்தம்.

கடையத்துக்கு வருவோம். வில்வவனநாதர் கோயில் பக்கம் போனால் நித்யகல்யாணி சந்நிதியையும், பாரதி உட்கார்ந்திருந்ததாகச் சொல்லும் பாறையையும் காட்டுவார்கள். “இதுல உக்காந்துதாம் பாடுவாவளாம்” என்று ஊர்ப் பெரியவர் சொல்லும்போது, எந்தப் பாட்டை எந்த வருஷம் என்று ஆராய்ச்சிக் கேள்வி கேட்கத் தோன்றாது. பாறையும் ஒரு சாட்சிதான். பக்கத்தில் ராமநதி ஈரம். அதற்கு மேல் பொதிகைத் தொடரின் நீலம். நம்புவதற்கு இவ்வளவு போதும்.

சிறையிலும் கடையத்திலுமாக அந்த இரண்டு வருஷத்தில் பாரதி எழுதியவற்றில் மூன்று காகிதங்கள் என்னை விடாமல் இழுக்கின்றன. மூன்றும் மூன்று பேரிடம் கேட்டவை. முதலாவது, கடையத்துக்கு வருமுன் கடலூர்ச் சிறையிலிருந்து கவர்னர் பெண்ட்லண்டுக்கு எழுதிய மனு. அரசியலை விட்டுவிட்டதாகவும் சர்க்காருக்கு விசுவாசமாக இருப்பதாகவும் பணிந்து சொல்லும் மனு. பாரதி பக்தர்கள் இதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். தேவையில்லை. மனு என்பதும் ஓர் இலக்கிய வகை, பணிவு அதன் யாப்பு. இரண்டாவது, 1919 மே மாதம் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு எழுதிய சீட்டுக்கவி. அதற்கு யாப்பு நேர் எதிர். புலவன் நிமிர்ந்து நின்று, என்னைப் போல் ஒருவன் உண்டா, உன் புகழ் என் வாயில் இருக்கிறது, கொடு என்பான். அவரும் அப்படித்தான் கேட்டார். சன்மானம், பல்லக்கு எல்லாம் கேட்டார். பதில் வரவில்லை. சீட்டுக்கவி படிக்கத் தெரிந்த ராஜாக்களின் காலம் போய்விட்டதை அந்த மௌனம் சொல்லிவிட்டது.

மூன்றாவது 1920இல் கடையத்திலிருந்தே போன சுற்றறிக்கை. தமிழ் வளர்ப்புப் பண்ணை என்று பெயர். தன் கையெழுத்துப் பிரதிகளை எல்லாம் 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி, ஆக 4 லட்சம் பிரதிகள் அச்சிடத் திட்டம். ஆரம்பச் செலவு 20,000 ரூபாய். அன்பர்கள் கடனாகக் கொடுக்க வேண்டும், வட்டி உண்டு, லாபம் நிச்சயம். ஏன் நிச்சயம் என்பதற்குக் காரணங்களும் அடுக்கியிருக்கிறார். தீப்பெட்டி, மண்ணெண்ணெய் விற்பதைக்காட்டிலும் சுலபமாகவும் வேகமாகவும் தன் புத்தகங்கள் விற்றுப்போகும் என்ற ஒப்புமை அதில்தான் வருகிறது. தாய், காளி, பாஞ்சாலி, குயில் என்று தேடிய கவிஞர் கடைசியில் செட்டியார் கடைப் பலகையிலிருந்து உவமை எடுத்தார். அந்த உவமை எனக்கு அவருடைய எத்தனையோ அலங்காரங்களைவிடப் பிடிக்கும். ஒவ்வொரு வீட்டிலும் சாயங்காலம் தேவைப்படுவது எதுவோ அதன் பக்கத்தில் கவிதையை வைக்கிறார்.

பணம் சேரவில்லை. திட்டம் கடையத்தைத் தாண்டவில்லை. வருஷக் கடைசியில் தடைகள் நீங்கிச் சென்னைக்குப் போய் மறுபடியும் சுதேசமித்திரனில் உட்கார்ந்தார். 1921 செப்டம்பரில் இறந்தார்.

ஏன் ஒருவரும் மசியவில்லை? மூன்று காகிதங்களில் மனு மட்டுமே பலித்தது, அதுவும் பெரிய மனிதர்களின் சிபாரிசு கூடவே போனதால். சுற்றறிக்கை தோற்றதற்கு வறுமை, ஊர் விலக்கு, போலீஸ் பயம் என்று பல காரணம் சொல்லலாம். எனக்குப் படும் காரணம் வேறு. வாழ்நாள் முழுக்கக் கேட்பவனுக்குப் பழகிய மெட்டைத் தேடிப் பிடித்தவர், இந்த ஒரு தடவை மெட்டே இல்லாமல் கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினார். ஆசிரியனே தன் புத்தகத்துக்கு வட்டிக் கடனாக மூலதனம் கேட்டு நோட்டீஸ் விடுவதற்குத் தமிழில் அப்போது பழகிய முன்மாதிரி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அது பிச்சையா வியாபாரமா, காணிக்கையா முதலீடா என்று வாங்கிப் படித்தவனுக்குப் புரிந்திருக்காது. உண்மையான கணக்கு வேடிக்கையாகத் தெரிந்தது. மூவாயிரம் என்ற எண்ணைப் போலீசும் நம்பியது, ஊரும் நம்பியது. நான்கு லட்சத்தை நம்ப ஆளில்லை.

1922இல் செல்லம்மாவும் அவருடைய தமையன் அப்பாதுரையும் பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் சுதேச கீதங்களை வெளியிட்டார்கள். பிறகு பாரதி பிரசுராலயம் வந்தது. 1928இல் அந்தப் பாட்டுகளுக்குப் பர்மா சர்க்கார் தடை விதிக்க, சென்னைப் போலீசும் பிரதிகளைக் கைப்பற்றியது; அந்த அக்டோபரில் சத்தியமூர்த்தி சட்டசபையில் அதை எதிர்த்துப் பேசினார். 1947 தொடக்கத்தில் ஏ.வி.எம்.மின் ‘நாம் இருவர்’ வந்தது. டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி கிராமபோன் ஊசி வழியாக டீக்கடைக்குள் நுழைந்தார். 1949இல் உரிமையைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. முன்பு பறிமுதல் செய்த அதே பாட்டைப் பள்ளிக்கூட இறைவணக்கத்தில் வைத்த சர்க்கார். கறுப்புக் கோட்டும் முண்டாசும் புருவ மையால் வரைந்த மீசையுமாகப் பாரதி பிறந்த நாளான டிசம்பர் 11 அன்று மேடை ஏறும் பிள்ளையிடம் ஒப்பிக்கக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் சர்க்காருக்கு வலிக்காத பாட்டுகள்தாம்.

நந்தன் மெட்டுப் பாட்டுகள் அந்த மேடைக்கு வருவதில்லை. அவற்றைத் தடை செய்தவர் யாருமில்லை. கோபாலகிருஷ்ண பாரதியின் அந்த வர்ணமெட்டுகள் ஊர் வாயிலிருந்து போய்விட்டன, அவற்றோடு பாட்டும் போய்விட்டது. இன்று தொகுப்பில் அதைப் படிக்கும் இளம் வாசகனுக்குத் துரையின் ஏச்சு வெறும் ஏச்சாக நிற்கிறது. நந்தன் பெயரால் சாதி வசை மட்டும் உறுத்துகிறது. அழுத கூட்டம் இல்லாமல் அந்த உத்தி வேலை செய்யாது.

வேலை செய்யும் மெட்டுகள் வேறு பக்கம் போயிருக்கின்றன. தேர்தல் சமயத்தில் கடையம் பஸ் நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வரும். வேட்பாளர் பெயரும் சின்னமும் சினிமாப் பாட்டு மெட்டில் கோத்திருக்கும். பீடி சுற்றும் பெண்கள் திண்ணையில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் தெருவுக்குள் நுழையும்போது எம்.ஜி.ஆர். காலத்து மெட்டு, அரசு கலைக் கல்லூரிப் பஸ்ஸுக்குப் பையன்கள் நிற்கும் இடத்தில் போன வருஷத்துக் குத்துப்பாட்டு மெட்டு. பெயர் அதே, சின்னம் அதே. ஓட்டுநர் பக்கத்தில் பென் டிரைவை மாற்றிப்போட ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். எந்தத் தெருவுக்கு எந்தப் பாட்டு என்று அவனுக்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.